வாயனசாலையில் ஃபிராய்டு: கூத்தும் உளப்பகுப்பாய்வும் ஒரே பந்தலில் உட்காருமா?

கேள்வி, பிப்ரவரி 9

எங்கள் ஊர் கேரளத்துப் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து கொஞ்சம் உள்ளே. வாயனசாலையில் (ஊர் நூலகம்) மாதம் ஒரு சாயங்காலம் படமோ கூத்தோ வைத்து, முடிந்ததும் உளப்பகுப்பாய்வு, அதாவது ஒருவரைப் பேசவிட்டுக் கேட்டே மனசுக்கு வைத்தியம் பார்க்கும் முறை, படித்த ஒருவரைப் பேச வைக்கலாம் என்று நாலைந்து பேர் யோசிக்கிறோம். கலையையும் மனசையும் சேர்த்துப் பேசினால் ஜனங்கள் டாக்டரிடம் போகக் கூச்சப்படுவது குறையும் என்று நினைக்கிறோம். அந்த முறையைத் தொடங்கிய வியன்னா டாக்டர் ஃபிராய்டே சிற்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறார் இல்லையா? இதைச் செய்த அனுபவம் யாருக்காவது உண்டா? கூட்டம் வருமா?

பிப்ரவரி 9, இரவு

வரும். படத்துக்கு வரும். பேச வந்தவர் மைக்கைப் பிடித்ததும் போகும். கடைசி பஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதைவிட நல்ல சாக்கு நம் பக்கத்தில் கிடையாது.

குத்தலாகச் சொல்லவில்லை தம்பி. சித்தூர் தாலூக்காவில் இந்த மாதிரி சாயங்காலங்களுக்குப் பாய் விரித்து, டீ ஊற்றி, நாற்காலி அடுக்கிய ஆள் நான். ஒரு தடவை நகரத்திலிருந்து வந்தவர் புரொஜெக்டர் போட்டு ஈடிபஸ் கதையை எடுத்தார். அம்மாவைக் கட்டிக்கொண்டவன் கதை, அயல்கூட்டத்து (மகளிர் குழு) பெண்கள் முன்னால், பாதி மலையாளம் பாதி இங்கிலீஷில், ஒரு மணி நேரத்துக்கு மேல். முன்வரிசை அக்கா ஒருத்தர் எழுந்து போகும்போது என்னிடம் குனிந்து, "சாரே, இந்த மனுஷனுக்கு வீட்டுல பேச ஆளே இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு அந்த ஹாலில் எழுந்த உருப்படியான உளவியல் கேள்வி அது ஒன்றுதான்.

பிப்ரவரி 10

ஃபிராய்டு சிற்பத்தைப் பற்றி எழுதியது உண்மை. ரோமில் மைக்கலாஞ்சலோ செய்த மோசே சிலை. 1913 செப்டம்பரில் மூன்று வாரம் தினமும் அந்தத் தேவாலயத்துக்குப் போய் அதன் முன்னால் நின்றார். அளந்தார், வரைந்து பார்த்தார். 1914இல் கட்டுரை அச்சானபோது தன் பெயரைப் போடவில்லை. எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொள்ளப் பத்து வருஷம் பிடித்தது. நம் மேடைக்கு வருகிறவர்களுக்கு அந்தத் தயக்கத்தில் கால்வாசி இருந்தால் போதும். ட்ரெய்லரைப் பார்த்துவிட்டு வந்து இயக்குநருக்கு என்ன சிக்கல் என்று சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொன்று. அவர் எடுத்துப் பேசிய கலைஞர்கள் லியோனார்டோ, மைக்கலாஞ்சலோ, தஸ்தயேவ்ஸ்கி. எல்லாரும் போய்ச் சேர்ந்தவர்கள், எழுந்து வந்து சண்டை போட மாட்டார்கள். உங்கள் வாயனசாலையில் ஆடி முடித்தவர் சாயம் கலையாமல், பீடி பற்றவைத்துக்கொண்டு அங்கேயே நிற்பார். அவர் காதில் விழும்படி "இந்த ஆட்டம் அடக்கி வைத்த ஆசையின் வெளிப்பாடு" என்று ஒருத்தர் சொன்னால் அடுத்த வருஷம் அவர் உங்கள் ஊர்ப் பக்கம் திரும்புவாரா?

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். உளப்பகுப்பாய்வாளரைக் கூப்பிடுங்கள். அர்த்தம் சொல்ல வேண்டாம், கேட்க மட்டும் கூப்பிடுங்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே விழாமல், முந்திக்கொண்டு ஆறுதல் சொல்லாமல், உட்கார்ந்து கேட்பது அவர்கள் வருஷக்கணக்கில் பழகிய தொழில். நமக்கு வேண்டியது அந்தத் தொழில்தான். அவர்களுடைய அகராதி நமக்கு வேண்டாம்.

பிப்ரவரி 12

கூத்து வைப்பதாக இருந்தால் பொறாட்டு நாடகத்தில் தொடங்குங்கள். பாலக்காட்டு அறுவடை முடிந்த வயல்களில் பாணர் சமூகத்தார் ஆடிக்கொண்டு வந்த ஆட்டம். பாட்டில் தமிழும் மலையாளமும் கைகோத்து வரும், அதனால் நம் ஆட்களுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். அதில் சோத்யக்காரன் என்று ஒருவன் இருப்பான். கேள்வி கேட்பவன். குறத்தியோ தாசியோ மண்ணாத்தியோ மேடைக்கு வந்தால் எந்த ஊர், எதற்கு வந்தாய், புருஷன் எங்கே, ஏன் சண்டை என்று அவன் கிளறிக்கொண்டே இருப்பான். கதை நகர்வதே அவன் கேள்வியால்தான்.

ஒரு பாத்திரம் தன் குறையைத் தானாகக் கொட்டாமல், கேட்பதற்கு ஒரு ஆளைப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்த கலை. இதைப் பக்கத்து வயலில் வைத்துக்கொண்டு நாம் வியன்னாவிலிருந்து தொடங்குகிறோம்.

பிப்ரவரி 12, மதியம் கழித்து

கோவைப் பக்கத்து நண்பர் ஒருவர், "அப்படியென்றால் சோத்யக்காரன்தான் நம்ம ஊர் ஃபிராய்டு" என்று கீழே எழுதியிருக்கிறார். இல்லை சார். அவன் கிண்டலடிப்பான், அவசரப்படுத்துவான், கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடிப்பான். பகுப்பாய்வாளர் அதையெல்லாம் செய்தால் அன்றோடு தொழிலை விட்டுவிட வேண்டியதுதான். கேட்பதற்கென்று ஒரு ஆள் உண்டு என்பது மட்டும்தான் பொது. அதற்கு மேல் இழுத்தால் கிழியும்.

கூடவே ஒரு எச்சரிக்கை. பொறாட்டில் பாதிப் பாத்திரங்களின் பெயர் ஜாதிப் பெயர். செறுமன், செறுமி, குறவன், குறத்தி, மண்ணான், மண்ணாத்தி. பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்குச் சிரிப்பு. மீதிப் பேருக்கு அது தங்கள் தாத்தாவைக் கூப்பிட்ட விதம். அப்புறம் நடக்கும் பேச்சில் யார் முதலில் பேசுகிறார்கள், யார் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை என்று பாருங்கள். கேட்பதில் பழகிய ஆள் அங்கே உட்கார்ந்திருந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த மௌனமாகத்தான் இருக்கும். அதைச் சட்டென்று "நீங்க ஏதாவது சொல்லுங்க" என்று கைகாட்டி உடைக்கவும் கூடாது. நான் அந்த மாதிரிக் கைகாட்டிய இடத்தில் இருந்திருக்கிறேன். கைகாட்டப்பட்டவர் "ஒண்ணுமில்லைங்க" என்றார், எல்லாரும் தலையாட்டினோம், டீ வந்தது.

பிப்ரவரி 14

தோல்பாவைக்கூத்து பற்றிக் கேட்டவருக்கு.

ஷொறணூர், ஒற்றப்பாலம் பக்கம் பாரதப்புழைக் கரையோரத்துப் பத்ரகாளி கோயில்களில் அதற்கென்றே கூத்துமாடம் கட்டி வைத்திருப்பார்கள். தேங்காய் மூடிகளில் 21 விளக்கு, முன்னால் திரை, மான்தோலில் வெட்டிய பாவைகள். பாடுவது கம்பராமாயணம். சுற்றிலும் மலையாளம் பேசும் ஊரில், நடுச்சாமத்தில், கம்பன் தமிழில். ஏழு ராத்திரி, பதினாலு, இருபத்தொன்று என்று கோயிலுக்குக் கோயில் கணக்கு மாறும். ஷொறணூருக்குப் பக்கத்தில் கூனத்தறை புலவர் குடும்பத்தைப் பலருக்கும் தெரிந்திருக்கும். ராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பல ராத்திரிகளில் எதிரே ஒரு ஆள்கூட இருக்க மாட்டார். ஆட்டம் நிற்காது. காரணம், பார்ப்பது பகவதி. தாரிகன் என்ற அசுரனைக் கொல்லப் போயிருந்ததால் ராம ராவண யுத்தத்தை அவள் பார்க்க முடியவில்லை. அவளுக்காக அதைத் திரும்ப நடத்திக் காட்டுகிறார்கள் என்பது ஐதீகம். திரைக்குப் பின்னால் புலவர்கள் பாட்டுக்கு அர்த்தம் சொல்வார்கள், ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்ல, கிளைக்கதை கிளைக்கதையாக விடியும் வரை போவார்கள். அவசரமே கிடையாது.

ஃபிராய்டு நோயாளியைச் சாய்மெத்தையில் படுக்க வைத்து, அவர் கண்ணில் படாமல் தலைமாட்டுப் பக்கம் உட்கார்ந்தார். மணிக்கணக்கில் முறைத்துப் பார்க்கப்படுவதைத் தன்னால் தாங்க முடியாது என்று அதற்கு அவரே காரணம் சொல்லியிருக்கிறார். ஆனால் பலன் பேசுகிறவருக்குத்தான். எதிரே முகம் இல்லையென்றால் அந்த முகம் சுளிக்கிறதா சிரிக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பேச்சைத் திருத்த வேண்டியதில்லை. கூத்துமாடத்தில் ஒரு ராத்திரி பின்பக்கம் உட்கார எனக்கு அனுமதி கிடைத்தது. புலவர் ஒருவரிடம், ஆளில்லாமல் ஆடுவது கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். "ஆள் இருந்தாத்தான் கஷ்டம். கைதட்டுற இடத்துல நிக்கச் சொல்லும்" என்றார். பகுப்பாய்வு பற்றிப் படித்த எத்தனையோ பக்கங்களைவிட இது எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது.

பிப்ரவரி 15

"பகவதி ஃபீஸ் வாங்குவதில்லை" என்று எழுதியவருக்குப் பத்துக்குப் பத்து.

ஃபீஸ் பேச்சு வந்ததால் சொல்கிறேன். உளப்பகுப்பாய்வு பணக்கார வியாதிக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நம் தோழர்கள் சொல்வது வழக்கம். 1918 செப்டம்பரில் புடாபெஸ்டில் ஃபிராய்டு பேசியதை அவர்களுக்கு எடுத்துக் காட்டுங்கள். ஏழைக்கு அறுவை சிகிச்சைக்கு உரிமை உண்டென்றால் மனசுக்கான உதவிக்கும் உண்டு என்றார். 1920இல் பெர்லினிலும் 1922இல் வியன்னாவிலும் அவருடைய ஆட்கள் காசு இல்லாதவர்களுக்கான கிளினிக் தொடங்கினார்கள். ஆனால் அதே உரையில் ஒரு கொக்கியும் இருக்கிறது. இதைக் கூட்டத்துக்குக் கொண்டு போகும்போது பகுப்பாய்வு என்ற தங்கத்தில் சொல்லிச் சொல்லி நம்ப வைத்தல் (சஜஷன்) என்ற செம்பைக் கலக்க வேண்டியிருக்கும் என்றார்.

எவ்வளவு செம்பு என்பதுதான் தம்பி உங்கள் கேள்வி.

பிப்ரவரி 20

படம் போட்டுப் பேசுவது பற்றி. மணிச்சித்திரத்தாழ் (1993, சந்திரமுகிக்கு மூலமான மலையாளப் படம்) தவிர்க்க முடியாது, யாராவது கேட்டே தீருவார்கள். நாங்களும் போட்டோம். எல்லாருக்கும் மனப்பாடமான படம், வசனத்தை முந்திச் சொல்லிக்கொண்டே பார்த்தார்கள். முடிந்ததும் வழக்கமான பேச்சு: பேய் உண்டா, இல்லையா, மனநோய்தான், இல்லை இல்லை ஏதோ இருக்கிறது. நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பாட்டி. நம் தமிழ்க்காரர்தான், மகன் வீட்டில் இருப்பவர், மருமகள் மலையாளம். "அந்தப் புள்ளை தமிழ் பேசறப்பத்தான் தெம்பா இருந்தா. கொணமானப்புறம் சப்புனு ஆயிட்டா."

ஹால் ஒரு நிமிஷம் கப்சிப். மலையாளத் தறவாட்டு மருமகள் ஒருத்தி, உள்ளே தஞ்சாவூர் நாட்டியக்காரி வந்ததும் தமிழில் கத்துகிறாள். பாதிப் பேர் வீட்டில் தமிழும் வெளியே மலையாளமும் பேசும் ஊரில், தமிழ் என்பது அந்தப் படத்தில் பூட்டிய அறைக்குள் இருக்கும் மொழி. இத்தனை வருஷமாக அந்தப் படத்தைப் பார்த்தும் எங்களில் ஒருவரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்புறம் யாரும் பேயைப் பற்றிப் பேசவில்லை. ஸ்கூலில் தமிழ் மீடியம் என்று சொல்ல வெட்கப்பட்டது, ஆபீசில் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டது, கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுவோம், இதெல்லாம் வந்தது. ஒரு அண்ணன், தான் லோனுக்கு மலையாளத்தில் கெஞ்சுவதாகவும், கிடைக்காவிட்டால் வெளியே வந்து தமிழில் திட்டுவதாகவும் சொன்னார்.

பகுப்பாய்வில் முதன்முதலில் எழுதப்பட்ட நோயாளிக் கதையிலும் இது இருக்கிறது. ப்ராயர் பார்த்த அன்னா ஓ. 1880 முதல் 1882 வரை சிகிச்சை, 1895இல் புத்தகமாக வந்தது. நோய் முற்றியபோது அந்தப் பெண் தாய்மொழியான ஜெர்மனை விட்டுவிட்டு இங்கிலீஷில் மட்டும் பேசினாள். பாட்டிக்கு இது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பிப்ரவரி 21

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தமிழில் அதே கதை சந்திரமுகியாக (2005) வந்தபோது உள்ளே வந்தவள் ஆந்திராக்காரி ஆகிவிட்டாள், தெலுங்கில் பாடினாள். மலையாளிக்குப் பேய் தமிழ் பேசும், தமிழனுக்குத் தெலுங்கு பேசும். அவரவர் வேண்டாததைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைக்கிறார்கள். சித்தூர் ஜில்லா ஆந்திர எல்லையில் இருக்கும் தமிழர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது எழுதுங்கள். (நம் சித்தூர் வேறு, அந்தச் சித்தூர் வேறு. குழம்ப வேண்டாம், தபால்காரரே குழம்புகிறார்.)

படத்தின் கடைசிக் கட்டம் பற்றிக் கேட்ட டாக்டர் நண்பருக்கு: ஆமாம், அதில் குணப்படுத்துவதே ஒரு நாடகம். மந்திரவாதியும் டாக்டரும் கூட்டுச் சேர்ந்து, பலகையைச் சுழற்றி, ஆளுக்குப் பதில் பொம்மையை வைத்து, பழி தீர்ந்ததாக அவளை நம்ப வைக்கிறார்கள். அது பகுப்பாய்வு இல்லை. ஃபிராய்டு ஹிப்னாடிசத்தைக் கைவிட்டதே இந்த மாதிரி வேலை நிலைக்காது என்று கண்டதால்தான். அந்த டாக்டர் கலந்தது முழுக்கச் செம்பு. சினிமாவுக்கு அது சரி. நம் ஹாலில் அப்படி யாரையும் நடிக்க வைத்துக் குணப்படுத்துகிறேன் என்று ஒருவர் கிளம்பினால் கதவைச் சாத்துங்கள்.

பிப்ரவரி 27

இந்த மாதம் சித்தூரில் கொங்கன்படை. கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த ராஜாவைப் பகவதி முறியடித்ததாகக் கதை. வருஷா வருஷம் அதை ஊரே கொண்டாடுகிறது. என் அம்மா வழி கொங்கு. சின்ன வயசில் கூட்டத்தில் நின்றுகொண்டு, "நாம எந்தப் பக்கம்?" என்று மாமாவைக் கேட்டேன். "கூட்டம் இருக்கிற பக்கம்" என்றார்.

ஈடிபஸை விடுங்கள், இதை வைத்து ஒரு சாயங்காலம் நடத்துங்கள்.

மார்ச் 4

"மேல்நாட்டுச் சரக்கு" என்று ஒருவர் தள்ளுபடி செய்திருக்கிறார். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கியது 1922இல். ஃபிராய்டோடு கடிதத்தில் வாதாடினார். ஆசைகள் எதிரெதிர் ஜோடிகளாக இருக்கும் என்பது அவர் கொள்கை. ஈடிபஸ் விஷயத்தில் என் நோயாளிகளிடம் நான் காண்பது வேறு என்று எழுதினார். 1931இல் ஃபிராய்டின் 75ஆவது பிறந்தநாளுக்குக் கழகத்தின் சார்பில் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை போயிற்று, அது அவர் மேஜையில் இடம் பிடித்தது. லண்டனில் அவர் கடைசியாக இருந்த வீடு 1986 முதல் அருங்காட்சியகம். அந்த மெத்தைக்கும் சிலைகளுக்கும் நடுவே இன்றைய கலைஞர்களைக் கூப்பிட்டுக் கண்காட்சி வைக்கிறார்கள், அதைச் சுற்றிப் பேச்சு நடக்கிறது. 1999இல் சோஃபி கால் என்ற பிரெஞ்சுக் கலைஞர் தன் சொந்தப் பொருள்களைக் குறிப்புகளோடு அந்த வீட்டுக்குள் அங்கங்கே வைத்துவிட்டுப் போனார். விளக்கவுரை இல்லை. பொருளும் குறிப்பும் மட்டும். நமக்கு வேண்டியது அந்த மாதிரி.

மார்ச் 8

சரி, உருப்படியாக என்ன செய்யலாம் என்று மூன்று பேர் கேட்டாயிற்று. நாங்கள் செய்து பார்த்ததில் எனக்குப் பிடித்தது கனவுக் கூட்டம்.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தில் கோர்டன் லாரன்ஸ் என்பவர் 1982இல் தொடங்கியது. நாற்காலிகளை யாரும் யாரையும் நேருக்கு நேர் பார்க்காதபடி பனித்துகள் வடிவில் போடுவார்கள். ஒருவர் கனவைச் சொல்வார். அதைக் கேட்டு இன்னொருவருக்குத் தன் கனவு ஞாபகம் வரும், அல்லது வேறு ஏதாவது தோன்றும், அதைச் சொல்வார். முதல் விதி: கனவைப் பற்றிப் பேசலாம், கனவு கண்டவரைப் பற்றிப் பேசக் கூடாது. உனக்கு ஏன் இப்படிக் கனவு வந்தது என்று கேட்டால் கூட்டத்தை நடத்துபவர் தடுப்பார். ஜோசியமும் கூடாது. நம் பக்கத்தில் இரண்டாவதுதான் கஷ்டம். பாம்பு வந்தால் பரிகாரம் சொல்ல ஆள் தயார்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தோம். சாயங்காலம் வைத்தால் கனவெல்லாம் டீக்கடையிலேயே செலவாகிவிடும். நாற்காலிக்குப் பதில் பாய். முதலில் குறத்தி வேஷக்காரர் ஒருவர் ஒரு பாட்டுப் பாடினார், பேச்சு அதிலிருந்து கிளம்பியது. வந்த கனவுகளில் தமிழ்நாட்டு எல்லைச் செக்போஸ்ட் திரும்பத் திரும்ப வந்தது. வேலந்தாவளத்தில் நிற்கிறேன், பேப்பர் இல்லை. வாளையாறில் நிற்கிறேன், கையில் குழந்தை இருக்கிறது, யார் குழந்தை என்று கேட்கிறார்கள், தெரியவில்லை. 2020இல் எல்லையை அடைத்து பாஸ் இல்லாமல் விடாத நாள்களில், தமிழ்நாட்டுப் பக்கம் சாவு, இந்தப் பக்கம் மகள் என்று நின்றவர்கள் அந்த ஹாலில் இருந்தார்கள். அதை ஒருவரும் அனுபவமாகச் சொல்லவில்லை. கனவாக மட்டும் சொன்னார்கள். கனவு என்றால் அழ வேண்டியதில்லை, யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, நடந்ததா நடக்கவில்லையா என்று யாரும் துருவ மாட்டார்கள்.

ஒரு விவசாயி அண்ணன், ராத்திரி வாய்க்கால் நிறைய ஆழியாற்றுத் தண்ணீர் வருவதாகக் கனவு கண்டேன் என்றார். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி நமக்கு 7.25 டிஎம்சி. "அது கனவில்லைங்க, மனு" என்று ஒரு குரல். நன்றாகச் சிரித்தோம். சிரித்து முடித்தபின் அவர், "தண்ணி வந்துச்சு, ஆனா எங்கப்பா வயல்ல இல்லை" என்றார். கேட்க வந்திருந்த பகுப்பாய்வாளர் அம்மா அன்றைக்கு மொத்தமே மூன்று வாக்கியம்தான் பேசினார். அதில் ஒன்று, "அந்த வயல் இன்னும் இருக்கா?"

இல்லையாம். விற்றாயிற்று.

மார்ச் 9

இது ஆபத்தில்லையா, யாராவது உடைந்து போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டவருக்கு. நியாயமான கேள்வி, இந்த இழையிலேயே முதலில் வந்திருக்க வேண்டியது.

கூட்டத்தில் சிகிச்சை கிடையாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சொந்தக் கதை சொல்லச் சொல்லி யாரையும் தூண்டாதீர்கள். நம்மூரில் ராத்திரி சொன்னது காலையில் ரேஷன் கடை வரை போய்விடும், அப்புறம் பெண் பார்க்க வருகிறவர்கள் வரை போகும். மறுநாளைக்கு ஒரு ஆள் வேண்டும், இது முக்கியம். ஆஷா ஒர்க்கர் ஒருவரையாவது உட்கார வையுங்கள், அவருக்கு வீடு தெரியும், அரசு ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் என்றைக்கு என்றும் தெரியும். கேரளத்தின் திசா உதவி எண் 1056. மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, அதில் தமிழையும் தேர்ந்தெடுக்கலாம். இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிச் செருப்புக் கழற்றும் இடத்துக்கு மேலே ஒட்டுங்கள். மேடைக்குப் பின்னால் ஒட்டினால், அதைக் குறித்துக்கொள்ளும் ஆளை எல்லாரும் பார்ப்பார்கள்.

"பைத்தியக்கார டாக்டர்" என்ற பேச்சு எப்படியும் வரும். மலையாளத்துக்காரர் "குதிரவட்டம்" என்பார், நாம் "கீழ்ப்பாக்கம்" என்போம். எல்லையில் இருப்பதில் இந்த ஒரு வசதி, இரண்டு ஊரையும் வைத்துத் திட்டலாம். நோட்டீஸில் மனநலம், உளவியல் என்ற எந்தச் சொல்லும் வேண்டாம் என்பது என் யோசனை. "கூத்தும் பேச்சும்" போதும். ஏமாற்று வேலை என்று தோன்றினால், வருகிற அம்மாவை அறிமுகப்படுத்தும்போது என்ன தொழில் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

மார்ச் 16

காசு. வெளியூர்ப் பேச்சாளருக்குக் கார், சாப்பாடு, கவர். ஆடுகிறவர்களுக்கு "நம்ம ஆளுங்கதானே" என்று ஒரு சால்வை. இதை மாற்றாமல் கலையும் உளப்பகுப்பாய்வும் சந்திக்கின்றன என்று போஸ்டர் அடித்துப் பிரயோஜனமில்லை. இரண்டு பேருக்கும் ஒரே தொகை கொடுங்கள், முடியாவிட்டால் ஆட்டக்காரருக்கு அதிகம். பேசாமல் உட்காருவதற்கு யாராவது அவ்வளவு கேட்டால், அவர் நமக்கான ஆளில்லை.

கொஞ்சம் யோசித்தால், பேசாமல் உட்காருவதும் உழைப்புதான். சரி, ஒரே தொகை. ஆட்டக்காரருக்கு அதிகம் என்பதை எடுத்துவிடுகிறேன்.

மார்ச் 22

தம்பி தேதி குறித்துவிட்டதாக எழுதியிருக்கிறார், சந்தோஷம். கேட்டவற்றுக்குப் பதில்:

வீடியோ எடுக்கலாமா? ஆட்டத்தை எடுங்கள், ஆடுகிறவர்களிடம் கேட்டுவிட்டு. பேச்சை வேண்டாம். பஞ்சாயத்துக்கு ரிப்போர்ட் வேண்டும் என்றால் வந்தவர் எண்ணிக்கையும் டீ பில்லும் போதும். மெம்பர் வாழ்த்துரை ஐந்து நிமிஷம் என்பார், ஆட்டத்துக்கு முன்னால் கொடுங்கள், பின்னால் கொடுத்தால் பேச்சு அங்கேயே செத்துவிடும்.

கேட்க வருபவர் தமிழும் மலையாளமும் தெரிந்தவராக இருப்பது நல்லது. ஒன்றுதான் தெரியும் என்றால் தமிழ். மலையாளம் பேசுகிறவர்கள் இங்கே தமிழைப் புரிந்துகொள்வார்கள், தமிழில் பதில் சொல்லத்தான் தயங்குவார்கள். நம் பாட்டிகளுக்கு அந்த வசதி கிடையாது.

தேதி மட்டும் சரியில்லை. ஏப்ரல் 2 என்று போட்டிருக்கிறீர்கள். நெம்மாறை வல்லங்கி வேலா திருவிழா மலையாள மீனம் 20, ஏப்ரல் 2 இல்லாவிட்டால் 3இல்தான் விழும். ஊரில் ஒரு குஞ்சு இருக்காது, உங்கள் குறத்தி வேஷக்காரரே அங்கேதான் இருப்பார். விஷு கழிந்து வையுங்கள்.